ஆம்பூர் தோல் முதலாளிக்கு யார் யோசனை உதவும்: சக முதலாளியா, டெக்னீஷியனா, மேஸ்திரியா?

ஆர்டர் குறைந்ததும் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் ஷாப் நடத்துகிறவர் முதலில் போன் போடுவது இன்னொரு முதலாளிக்குத்தான். எந்தப் பையர் பணத்தை இழுத்தடிக்கிறார், பச்சைத்தோல் என்ன விலை போகிறது என்பதற்கெல்லாம் அவரை விட்டால் ஆளில்லை. புதிதாக ஏதாவது செய்யலாமா என்று கேட்டால் மட்டும், "கொஞ்சம் பொறுங்க பாய், சீசன் திரும்பட்டும்" என்பார். நம்மூர்ப் பழக்கம் மட்டுமல்ல இது. அமெரிக்கப் பெரிய கம்பெனிகளை வைத்து மெக்டொனால்டும் வெஸ்ட்பாலும் 2003இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: லாபம் சரிந்தபோது தலைவர்கள் நண்பர்களிடமும் தங்களைப் போன்றவர்களிடமுமே அதிகம் யோசனை கேட்டார்கள், போன வழியை மாற்றுவதும் அதனால் குறைந்தது.

அடுத்தது வெளியாள். அடையாறில் 1948 முதல் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகலாம். தண்ணீர் சேர்க்காமல் குரோமிய உப்பால் தோலைப் பதனிடும் முறை அங்கே உருவானதுதான். 1996இல் தோல் ஆலைக் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் மாசுபடுத்தியவரே ஈடு கட்டவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, கழிவைக் குறைக்கிற யோசனைக்குத் தனி மதிப்பு. கெமிக்கல் கம்பெனி டெக்னீஷியன் கூப்பிட்டதும் வருவார், காசும் கேட்கமாட்டார். ஆனால் எல்லா நோய்க்கும் அவர் சொல்லும் மருந்து அவர் கம்பெனிச் சரக்காகவே இருக்கும்!

மூன்றாவது ஆளை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை: தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம் பக்கத்தில் நிற்கிற மேஸ்திரி. ஓர் உதாரணம்: ‘குரோமியம் 6’ என்கிற கெடுதலான வகை, ஒரு கிலோ தோலுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் வரம்பு கொண்டுவந்தது. பதனிட்ட தோலில் இருக்கிற ‘குரோமியம் 3’ வகை பிறகு ‘குரோமியம் 6’ஆக மாறுவதற்குப் பல காரணம். தோலில் மிச்சமிருக்கிற அமிலத்தைக் காரம் போட்டுக் குறைக்கும்போது (இதுதான் நியூட்ரலைஸ்) காரம் ஏறிப்போவது அதில் ஒன்று. மேஸ்திரி கழுத்துப் பக்கத் தடிமனான இடத்தில் ஒரு வெட்டு வெட்டி, அமிலத்தை நிறத்தால் காட்டும் புரோமோகிரசால் கிரீன் இரண்டு சொட்டு விடுவார். மஞ்சள் என்றால் அமிலம் இன்னும் இருக்கிறது. உள்வரை நீலம் ஓடியிருந்தால் நியூட்ரலைஸ் முழுதாக ஆகிவிட்டது, சில சரக்குக்கு அது தேவைக்கு மேலேயும் இருக்கலாம். எந்த லாட்டில், எந்த ஷிப்டில் அப்படி ஆகிறது என்பது லேப் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். முதலாளி கேட்டால்தானே சொல்வார்?

என்னைக் கேட்டால், விலைக்கும் ஆறுதலுக்கும் சக முதலாளி போதும். புதுச் சரக்கு, புது முறை என்று வரும்போது வெளியாளையும் மேஸ்திரியையும் ஒன்றாக உட்காரவைக்கவேண்டும். டெக்னீஷியன் ரெசிபியை விரிக்கும்போதே, "இந்தத் தோலுக்கு இவ்வளவு நேரம் ஓட்டினா கிரெயின் (தோலின் மேல்பரப்பு) தாங்காது சார்" என்று சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டும். அப்புறம் சின்ன டிரம்மில் ஒரு லாட் ஓட்டிப் பார்க்கலாம்.