இரண்டரை ரூபாய் நீலத்தாள்: இன்லண்ட் லெட்டரை மறுபடியும் வாங்கிப் பார்த்தேன்

கைப்பேசியும் இணையமும் வருவதற்கு முந்தைய வாழ்க்கையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் பேச்சு கடிதத்தில் வந்து நிற்கிறது. "அந்தக் காலத்தில் நாங்களெல்லாம் இன்லண்ட் லெட்டர் எழுதுவோம்" என்று, காலமாகிவிட்ட பெரியப்பாவை நினைத்துக்கொள்கிற குரலில் சொல்கிறார்கள். சென்ற மாதம் ஒரு வளைகாப்பு வீட்டில் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், இன்லண்ட் லெட்டர் இன்னும் விற்பனையில் இருக்கிறதே என்பது எனக்கு உறைத்தது. கடையில் கிடைக்கும் பொருளுக்கு இரங்கற்பா பாடுவதைவிட மதிப்புரை எழுதுவதே முறை என்று தோன்றியதால், பத்துத் தாள் வாங்கி எழுதிப் பார்த்தேன்.

விலை, ஒன்று 2 ரூபாய் 50 காசு. ஐம்பது காசு நாணயம் கையில் புழங்காத இந்நாளில் இரட்டைப்படையில் கேட்பதே இரு தரப்புக்கும் நல்லது. பத்துக்கு 25 ரூபாய் என்று கணக்கு சுத்தமாக முடிந்தது. அஞ்சலகக் கவுண்டரில் இருந்த அம்மையார், "ஏதாவது போட்டிக்கா சார்?" என்று கேட்டார். கடிதம் எழுதத்தான் என்றேன். தாள்களை எண்ணிக் கொடுத்த பிறகு ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

பொருளைப் பார்ப்போம். 1950-இல் அறிமுகமான இந்தத் தாள், உறையும் கடிதத்தாளும் தபால்தலையும் ஒன்றாகவே சேர்ந்த அமைப்பு. வெளிர்நீலத் தாளை மூன்றாக மடிக்க வேண்டும். வெளிப்புறத்தில் ஒரு மடிப்பு பெறுநர் முகவரிக்கு, இன்னொன்று அனுப்புநர் முகவரிக்கு. மூன்றாவது மடிப்பு உள்ளே போய் மறைந்துகொள்வதால் அதிலும் எழுதலாம். என் கையெழுத்துக்கு உட்பக்கத்தில் முப்பது வரி, மறைகிற மடிப்பில் இன்னும் பத்து வரி வருகிறது. உள்ளே எதையும் வைக்கக் கூடாது என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டு மொழியும் அறியாத என் பாட்டி திருச்செந்தூர் இலை விபூதியைத் தாளில் பொட்டலமாக மடித்து உள்ளே வைத்து ஒட்டித்தான் அனுப்புவாள். எதுவும் வழியில் நின்றதாக நினைவில்லை.

ஒட்டுவதற்குத் தாளின் ஓரங்களில் பசை தடவியே வருகிறது. அந்நாளில் நாங்கள் அதன்மேல் ஒரு சோற்றுப் பருக்கையையும் நசுக்கித் தேய்ப்போம். இம்முறை தண்ணீர் தொட்ட விரலே போதுமானதாக இருந்தது. மைப்பேனாவால் எழுதியது மட்டும் என் தவறு: மை ஊறி மறுபக்கத்தில் தலைகாட்டியதால், மறைகிற மடிப்பில் எழுதியதும் உட்பக்கத்தில் எழுதியதும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. பால்பாயிண்ட் பேனாவே இந்தத் தாளுக்கு ஏற்றது.

ஓரத்தில் எழுதுவது ஆபத்து என்பதைப் பிரிக்கும்போதுதான் உணர்ந்தேன். கோயம்புத்தூரில் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகளுக்கு ஒரு கடிதம் போட்டேன். வாழ்க்கையில் அவளுக்கு வந்த முதல் கடிதம் அது. அவளும் ஓர் இன்லண்ட் வாங்கி, இடம் போதாமல் சுற்றியுள்ள விளிம்பெல்லாம் எழுதிப் பதில் அனுப்பியிருந்தாள். பிளேடு தேடப் பொறுமையின்றி விரலை விட்டுக் கிழித்தேன். "அடுத்த மாசம் பாட்டி வீட்டுக்கு நாங்க" என்பதற்கு அடுத்த சொல் பசையோடு போய்விட்டது. நம் மொழியில் வினைமுற்று கடைசியில் அல்லவா வருகிறது! வருகிறார்களா, வரவில்லையா என்று தொலைபேசியில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எழுதும் அனுபவத்தில் முதலில் கைக்கு உறைப்பது இடத்தின் அளவு. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனுப்பிவிட்டு, விட்டுப்போனதை அடுத்த வரியில் சேர்க்கலாம். அதற்கும் விட்டுப்போனதை மறுநாள் சேர்க்கலாம். எங்கே நிறுத்துவது என்ற கேள்வியே எழுவதில்லை. இங்கே இருபதாவது வரியைத் தாண்டியதுமே மனம் கணக்குப் போட ஆரம்பிக்கிறது: அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சையைச் சொல்லியாயிற்று, பழைய வீட்டுப் பட்டா விஷயத்தைச் சொல்ல வேண்டும், மாமரம் காய்த்ததைச் சொல்லாவிட்டாலும் பாதகமில்லை. கடிதத்தின் அருமையாக எல்லோரும் தாமதத்தையும் காத்திருப்பையும் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப்படவில்லை. தாமதத்தை அந்நாளில் யாரும் ரசிக்கவில்லை, வேறு வழியின்றிப் பொறுத்துக்கொண்டோம். தாள் முடிகிற இடம் கண்ணுக்குத் தெரிவதால் எதைச் சொல்வது, எதை விடுவது என்று எழுதுகிறவனே தீர்மானித்தாக வேண்டியிருக்கிறதே, இந்தப் பொருளின் சிறப்பாக நான் கருதுவது அதைத்தான்.

அடித்ததும் அடித்தபடியே போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கோவில்பட்டியில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சொல்லை எழுதி, வேண்டாமென்று இரண்டு கோடு போட்டு அடித்தேன். கடிதம் கிடைத்தபின் அவர் விளக்கம் கேட்ட ஒரே இடம் அந்த அடித்தல்தான்.

சம்பிரதாய வாசகங்களைப் பற்றி இளவயதில் எனக்கு இளக்காரம் இருந்தது. தலையில் ஒரு 'உ', வலது மூலையில் ஊரும் தேதியும், பிறகு "அன்புள்ள மாமாவுக்கு, மருமகன் எழுதிக்கொண்டது. இவ்விடம் அனைவரும் நலம். அவ்விடம் அனைவரின் நலமறிய அவா." இருக்கிற நாற்பது வரியில் மூன்று வரியை இதற்கா கொடுப்பது என்று தோன்றும். ஆனால் பேனாவைப் பிடித்து உட்கார்ந்து, என்ன எழுதுவதென்று தெரியாமல் விழிக்கும்போது இந்த மூன்று வரிதான் கையை ஓட வைக்கிறது. அதை எழுதி முடிப்பதற்குள் நான்காவது வரி தானாக வந்துவிடுகிறது.

வெளித்தோற்றத்திலேயே செய்தியின் தன்மையைச் சொல்லிவிடும் வழக்கமும் அந்நாளில் இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் நல்ல காரியம். ஓரத்தில் கறுப்பு மை இருந்தால் இழவுச் செய்தி. அதை வாசலிலேயே நின்று படித்துக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். படிப்பதற்கு முன்பே மனத்துக்கு ஒரு கணம் அவகாசம் கிடைத்தது. இன்று கல்யாணமும் சாவும் ஒரே 'டிங்' ஒலியோடு வருகின்றன.

இந்தப் பொருளைப் பயன்படுத்துவதில் இருக்கும் உண்மையான இடைஞ்சல் தாளில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. என் கைப்பேசியில் அறுநூறு பேருக்கு மேல் எண் இருக்கிறது. ஒருவருக்கும் முழு விலாசம் கிடையாது. அழைத்துக் கேட்கலாம் என்றால், "என்னப்பா, திடீரென்று விலாசம்?" என்று தொடங்கிச் சொல்ல வேண்டிய அத்தனையும் அந்த அழைப்பிலேயே சொல்லி முடிந்துவிடுகிறது. அதன்பின் கடிதத்தில் எழுத மிச்சமிருப்பது தேதி மட்டுமே. கடைசியில், அலமாரியில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கிளறி நான்கு வீடுகளின் கதவிலக்கத்தைக் கண்டுபிடித்தேன். பத்திரிகைகளைத் தூக்கிப் போடாத அம்மாவின் வழக்கத்தை இனிமேல் கேலி செய்வதாக இல்லை.

பின்கோடு மட்டும் எளிதாகக் கிடைத்தது. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த இந்த ஆறிலக்க ஏற்பாட்டில், தமிழ்நாடும் கேரளமும் 6 என்ற எண்ணில் தொடங்கும் மண்டலத்தில் வருகின்றன. முதல் மூன்று இலக்கம் கடிதம் பிரிக்கப்படும் மாவட்டம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும், கடைசி மூன்று இலக்கம் குறிப்பிட்ட அஞ்சலகத்தைக் காட்டும். மாமாவின் 628501 எனக்கு மனப்பாடமாகவே இருந்தது. பள்ளி விடுமுறைகளில் எத்தனை முறை எழுதிய எண்! அவருடைய கைப்பேசி எண்ணைச் சொல்லச் சொன்னால் இன்றும் எனக்குத் தெரியாது.

சென்னையில் போட்ட கடிதம் நான்காம் நாள் கோவில்பட்டி போய்ச் சேர்ந்தது. இரண்டரை ரூபாய்க்கு இதற்குமேல் எதிர்பார்க்க எனக்கு வாயில்லை. ஆனால் அன்று மத்தியானமே மாமா பதறிப்போய் அழைத்தார். "லெட்டர் வந்திருக்கு மாப்ளே, பிரிக்கவே கை வரல. யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். யாருக்கும் ஒன்றுமில்லை, சும்மாதான் எழுதினேன் என்று நம்ப வைக்கச் சற்று நேரமாயிற்று. ஒருகாலத்தில் தந்தி என்றால்தான் இப்படி வயிற்றில் புளியைக் கரைக்கும்; பிரித்துப் பார்க்காமலே அழத் தொடங்கிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அது விட்டுப்போன இடத்தில் இப்போது சாதாரணக் கடிதம் போய் உட்கார்ந்திருக்கிறது போலும். வாங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: வயதானவர்களுக்கு எழுதுவதாக இருந்தால், அனுப்புநர் மடிப்பில் உங்கள் பெயருக்குக் கீழே 'அனைவரும் நலம்' என்று வெளியிலேயே எழுதிவிடுங்கள்.

கடிதம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பார்க்கும் வசதி சாதாரணத் தபாலில் கிடையாது; அது வேண்டுமென்றால் ஸ்பீட் போஸ்ட் இருக்கிறது, அதற்கான கட்டணமும் இருக்கிறது. மதுரைக்கு, கல்லூரி நண்பன் ஒருவனுக்குப் பழைய விலாசத்தை நம்பி எழுதியது, பதினெட்டாம் நாள் என் வீட்டுக்கே திரும்பி வந்தது. வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார் என்ற குறிப்பைத் தபால்காரர் சிவப்பு மையில் எழுதி, தேதியும் கையொப்பமும் இட்டிருந்தார். யாரோ ஒருவர் அந்தத் தெருவில் இறங்கி, கதவைத் தட்டி, பக்கத்து வீட்டில் விசாரித்து, இல்லை என்று தெரிந்துகொண்டிருக்கிறார். என் கையெழுத்தில் எனக்கே வந்த அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் ஆகமாட்டேன். கடிதம் அந்தரங்கமானது, கைப்பேசி வந்துதான் அந்தரங்கம் போயிற்று என்று சொல்கிறவர்கள் எந்தத் தெருவில் வளர்ந்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளுக்கு வந்த கடிதங்களைப் படித்துக் காட்டும் வேலை பத்து வயதில் எனக்கு வாய்த்திருந்தது. எதிர்வீட்டு அக்காவின் கணவர் துபாயில் இருந்தார். அவர் அனுப்பும் ஏரோகிராமை (வெளிநாட்டுத் தபாலுக்கான, இன்லண்ட் போலவே மடித்து ஒட்டும் தாள்), திண்ணையில் மாமியார் காது கொடுத்துக்கொண்டிருக்க, நான் உரக்கப் படிக்க வேண்டும். சில வரிகள் வரும்போது அக்கா முகம் சிவந்து, "அத விடுறா, அடுத்ததப் படி" என்பாள். பதிலையும் நான்தான் எழுதுவேன். மாமியார் எதிரில் சொல்லக்கூடியதை மட்டும் அவள் சொல்வாள். ஒருமுறை குழந்தைக்குக் காய்ச்சல் என்று எழுதி, என்ன செய்வது என்று அவர் கேட்டெழுதிய பதில் வந்தபோது, குழந்தை காய்ச்சல் தீர்ந்து தெருவில் விளையாடிக்கொண்டிருந்தது. இப்போது அந்த அக்கா பேரனோடு தினமும் வீடியோவில் பேசுகிறாள். இன்லண்ட் லெட்டர் மறுபடி வர வேண்டும் என்று அவளிடம் சொன்னால் சிரிப்பாள்.

ஆகவே அவசரத்துக்கும் பணத்துக்கும் பதில் உடனே வேண்டிய காரியத்துக்கும் இதை வாங்காதீர்கள். இரண்டு வரியில் வாழ்த்தோ பாராட்டோ சொல்ல வேண்டுமென்றால் ஐம்பது காசு அஞ்சலட்டையே போதும்; திருநெல்வேலியிலிருந்து விமர்சகர் தி.க.சி. அப்படிக் கார்டிலேயே எத்தனையோ இளம் எழுத்தாளர்களை எழுத வைத்தார். புகைப்படமோ விபூதியோ வைக்க வேண்டுமென்றால் ஐந்து ரூபாய் உறை இருக்கிறது. சொல்ல நாற்பது வரி விஷயமும், அதை உட்கார்ந்து வரிசைப்படுத்த அரைமணி நேரமும், விலாசம் தெரிந்த ஓர் ஆளும் உள்ளவர்களுக்கு இன்லண்ட் பொருந்தும். என் பத்தில் எட்டுத் தீர்ந்தது. இரண்டு, மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

போன வாரம் கோவில்பட்டி போயிருந்தேன். மாமா வீட்டு நடுக்கூடத்தில், தூணுக்குப் பக்கத்தில், கடிதம் குத்தி வைக்கும் கம்பி இன்னும் தொங்குகிறது. அடியில் பழுப்பேறிய கார்டுகள். அவற்றில் சிலவற்றில் என் பள்ளிக்கூடக் கையெழுத்து. அதன்மேல் பல வருட மின்கட்டண ரசீதுகள். என் நீலத்தாளையும் நடுவில் குத்தி மாட்டியிருந்தார். கம்பி சரியாக அந்த அடித்த சொல்லின் மேல் ஏறியிருந்தது. அதற்குள் அதற்கும் மேலே உரக்கடை பில் ஒன்று வந்துவிட்டிருந்தது.