படகு எஞ்சினின் டில்ட் (எஞ்சினைச் சாய்த்து மேலே ஏற்றும் அமைப்பு) நிற்கவில்லை என்றால் பம்ப்பை மாற்றச் சொல்வார்கள்: எச்சரிக்கை

நீரோடி, தூத்தூர், தேங்காப்பட்டணம் பக்கத்து வள்ளக்காரர்களும், பூவாறு காயலில் சுற்றுலாப் படகு ஓட்டும் நம் ஊர்க்காரர்களும் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள்.

பூவாறில் நான் ஓட்டும் படகின் 60 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது), பொத்தானை அழுத்தினால் ஒழுங்காக மேலே ஏறியது. ஆனால் ஏற்றி நிறுத்திய சற்று நேரத்திலேயே தானாகத் தாழத் தொடங்கியது. பொழிமுகத்து மணல்திட்டுகளில் இது பெரிய ஆபத்து. தாழ்ந்த எஞ்சின் மணலை உறிஞ்சினால் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்ப்பின் இம்பெல்லர் (உள்ளே சுழலும் சக்கரம்) தேய்ந்து, எஞ்சினே சூடாகி நின்றுவிடும்.

கேரளப் பக்கத்துப் பட்டறை ஒன்றில், ஆயில் அழுத்தத்தால் எஞ்சினை ஏற்றும் டில்ட் பம்ப்பும் சிலிண்டரும் மொத்தமாகப் போய்விட்டன என்று சொல்லி, புதியது போட்டதாக அறுபதாயிரத்துக்கும் மேல் வாங்கிக்கொண்டார்கள். பில் தரவில்லை, பழைய பாகத்தைக் கேட்டதற்கு ஆக்கரில் (பழைய இரும்புக் கடையில்) போட்டுவிட்டோம் என்றார்கள். ஒப்படைக்கும்போது எஞ்சினை ஏற்றி வைத்து, பாருங்கள், அசையவே இல்லை என்று காட்டினார்கள். அதைத் தாங்கி நின்றது, ஏற்றிய எஞ்சினுக்கு முட்டுக் கொடுக்கும் டில்ட் சப்போர்ட் லிவர் என்பது, வீட்டுக்கு வந்து அந்த லிவரை மடக்கியபோதுதான் தெரிந்தது. எஞ்சின் முன்போலவே இறங்கியது.

தூத்தூர் மெக்கானிக் ஒருவர், புதியது என்று சொன்ன பாகத்தின் மேலிருந்த புதுக் கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தார். அடியில் சிப்பி ஒட்டி உதிர்ந்த வட்டத் தழும்புகள் அப்படியே இருந்தன; பழைய பாகத்துக்கே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எஞ்சினைப் படகில் பொருத்தும் பிராக்கெட்டின் பக்கத்துளை வழியாக ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் கைவால்வின் (எஞ்சினைக் கையால் ஏற்றி இறக்கத் திறப்பது) ஓ-ரிங் என்ற ரப்பர் சீல் கிழிந்திருந்தது. தண்ணீர் கலந்த ஆயில் பால்போல் வெளுத்திருந்தது. ரிங்கையும் ஆயிலையும் மாற்றி, காற்றை வெளியேற்றி, வால்வை இறுக்கினார். இப்போது நிற்கிறது. இந்த வால்வு சரியாக மூடாவிட்டால் பின்கியரில் எஞ்சின் மேலே எகிறும், வேகத்தில் டிரிம் (ஓடும்போது எஞ்சின் சாய்ந்திருக்கும் கோணம்) நிலைக்காமல் படகின் முகப்பு தாழும்; பயணிகளை ஏற்றுபவர்கள் இதை அலட்சியப்படுத்தவே கூடாது.

எஞ்சின் ஏறி, பிறகு தாழ்ந்தால் முதலில் பார்க்க வேண்டியவை கைவால்வும் சீல்களும்தான். பொத்தானை அழுத்தியும் மோட்டார் ஓடும் சத்தமே வராவிட்டால் பேட்டரி, ரிலே, வயர் ஆகியவற்றைப் பாருங்கள். ஆயில் அளவை எஞ்சினை முழுதாக ஏற்றி, லிவரைப் போட்ட பிறகே பார்க்க வேண்டும். ஆனால் பட்டறையிலிருந்து எடுக்கும்போது லிவரை மடக்கச் சொல்லி, அரைமணி நேரமாவது காத்திருந்து பாருங்கள்.

பட்டறை கேரளத்தில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சொந்தப் பிழைப்புக்காகப் படகு ஓட்டுபவரும் அச்சட்டத்தில் நுகர்வோரே. பணம் அனுப்பிய விவரத்தையும், சுரண்டிய பாகத்தின் படங்களையும் சேர்த்து நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன்.