ரப்பர் இலையுதிரும் மாதங்களில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம்?

மலேசியாவுக்கு இலையுதிர் காலம் கிடையாது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்துப் பிழைத்த எந்தக் குடும்பமும் அதை ஒப்புக்கொள்ளாது. தை பிறந்து மழை ஓய்ந்ததும் ரப்பர் இலைகள் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, துருச் சிவப்பாகி உதிரத் தொடங்கும். பிப்ரவரி, மார்ச்சில் மர நிரை முழுவதும் மொட்டையாக நிற்கும். சில வாரங்களில் செம்பு நிறத் தளிர் எட்டிப் பார்க்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வெளியே கூட்டிப் போக எங்கள் ஊரில் இதைவிட நல்ல பருவம் இல்லை. எங்கே போவது என்பதில்தான் வீட்டுக்கு வீடு வழக்கு. எங்கள் வீட்டில் அடிபடும் பெயர்கள் நான்கு: ஊரை ஒட்டிய ரப்பர்க் காடு, கோலகங்சார், தைப்பிங் ஏரிப் பூங்கா, ஈப்போவை அடுத்த தம்புன் நீர்ப் பூங்கா.

தம்புனை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். சுண்ணாம்பு மலைகளின் அடியில் வெந்நீர் ஊற்று, நீர்ச் சறுக்கு, விலங்குகள் என்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொன்னான நாள். மூன்று வயதுப் பிள்ளையோ பெரிய சறுக்குகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதைவிட முக்கியம், கட்டணம் கட்டி நுழைந்துவிட்டால் மாலைவரை இருந்தால்தான் கொடுத்த காசு செரிக்கும் என்று பெற்றோருக்குத் தோன்றிவிடுகிறது. பிள்ளைக்கு மதியமே கண் சொக்கும். ஆற அமரப் போய்வர நினைப்பவர்கள் இதைச் சில ஆண்டுகள் தள்ளிப் போடுவதே நல்லது.

கோலகங்சார் தாத்தா பாட்டியோடு போக ஏற்ற ஊர். பிரேசிலில் சேகரித்த ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்து, அவற்றில் ஒன்பது 1877இல் இங்கே நடப்பட்டன. அவற்றில் எஞ்சிய ஒன்றை மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் வேலியிட்டுக் காக்கிறார்கள். ரப்பர்த் தோட்டங்களுக்கு நம் முன்னோரைக் கப்பலேற்றிய கதை தொடங்குவது இந்த மரத்தில்தான். அதன்முன் நிற்கும்போது எனக்குப் பேச்சு வருவதில்லை. பிள்ளைக்கு அது வேலிக்கு அப்பால் நிற்கும் ஒரு மரம், அவ்வளவுதான். தொட முடியாத எதையும் அந்த வயது ஒரு நிமிடத்துக்கு மேல் பொருட்படுத்தாது. ஆனால் பேராக் ஆற்றங்கரையில் ஓட இடம் உண்டு. அக்கரையில் சாயோங்கில் சுரைக்காய் வடிவத்தில் கறுப்பு மண் கூஜா செய்கிறார்கள்; களிமண்ணைக் கண்டதும் பிள்ளைகள் தாமாக உட்கார்ந்துவிடுவார்கள்.

உண்மையான போட்டி தைப்பிங்குக்கும் நம் ரப்பர்க் காட்டுக்கும்தான்.

தைப்பிங்குக்கு ரயிலில் போங்கள். கோலகங்சாரைத் தாண்டிய பிறகு புக்கிட் பெராப்பிட் மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வரும். மூன்று கிலோமீட்டருக்கும் மேல். ஜன்னல் திடீரென்று இருண்டு, அதில் தன் முகமே தெரிவதைப் பார்க்கும் பிள்ளைக்கு அன்றைய பயணத்தின் பாதிச் சந்தோஷம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. பூங்கா ஒரு காலத்தில் ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளம். பள்ளங்கள் ஏரிகளாயின, கரையில் நட்ட தூங்குமூஞ்சி மரங்கள் பாதைக்கு மேலாகக் கிளை நீட்டி நீரைத் தொடுகின்றன. பாதை சமதளம், தள்ளுவண்டி தடையின்றி ஓடும். நிழலுக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்திலேயே மிருகக்காட்சிசாலை. கழிப்பறை, சாப்பாடு எதற்கும் அலைய வேண்டாம். குறை ஒன்று உண்டு: தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர். பிற்பகல் திட்டம் எதையும் நம்ப முடியாது. மதியத்துக்குள் சுற்றி முடித்து, தேங்காய்ப்பால் விட்ட குளிர் இனிப்பான செண்டோல் ஒரு கிண்ணத்தோடு ரயிலேறிவிட வேண்டும்.

ரப்பர்க் காட்டில் இந்த வசதிகள் எதுவும் இல்லை. பெரிய தோட்டங்கள் பலவும் எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறிவிட்டன. செம்பனை இப்படி இலை கொட்டாது. எஞ்சியிருப்பவை சிறுதோட்டங்கள். உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். நாங்கள் போகும் தோட்டத்துப் பாட்டி, "பால் பிடிக்கும் மங்குகளையெல்லாம் கவிழ்த்து வைத்துவிட்டேன் அம்மா, பிள்ளையைத் தாராளமாக விடு, குச்சியால் சருகைக் கிளறிவிட்டு இறக்கு" என்றார். இரண்டுமே பொன் போன்ற யோசனைகள். இலையுதிரும்போது பால் குறைவதால் பலர் பால்வெட்டை நிறுத்துகிறார்கள். நிமிர்ந்து கிடக்கும் மங்கில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகும். சருகுக்குள் பாம்போ தேளோ இருக்கலாம், ஆகவே மூடிய காலணி கட்டாயம். காற்று பலமாக வீசும் நாளில் போக வேண்டாம், ரப்பர்க் கிளை சட்டென்று முறியும்.

இத்தனை இருந்தும் என் ஓட்டு இதற்குத்தான், காலை ஏழரையிலிருந்து ஒன்பதரைவரை. கணுக்கால் புதையும் சருகில் ஒரு பிள்ளை முதல்முறை கால் வைக்கும் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். நின்று, மறுபடி மிதித்து, நம் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு ஓடத் தொடங்கும். ஒரு காம்பில் மூன்று இலை இருப்பதைக் கண்டுபிடிக்கும். பட்டையில் வெட்டிய கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நுனியில் பிடித்து இழுத்தால் நீளமாக உரிந்து வரும், விட்டால் சுருங்கும். இதை அலுக்காமல் செய்வார்கள். ஒட்டுக்கட்டிய ஒரே வகை மரங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே நிறம் மாறுவதால், இந்த நிரை சிவந்தும் அடுத்த நிரை பச்சையாகவும் நிற்பதுண்டு. "அது ஏன் அம்மா இன்னும் பழுக்கவில்லை?" என்று என் மூத்தவள் கேட்ட கேள்வியை எந்தப் பூங்காவும் எழுப்பியதில்லை.

நேரக் கணக்கை மட்டும் மீறக்கூடாது. இலை கொட்டிய காட்டில் நிழலே கிடையாது. பத்து மணிக்கு மேல் வெயில் நேராகத் தலையில் இறங்கும். வீட்டில் பசியாறிவிட்டுப் போய், தண்ணீரோடு இரண்டு வாழைப்பழம் எடுத்துக்கொண்டால் போதும். சருகு பஞ்சாய்ப் பற்றும், ஆகவே கொசுவர்த்தியைக்கூடக் கொளுத்தாதீர்கள். ஒரு நாள் முழுவதும் கையில் இருந்தால், வெயில் தாங்காத கைக்குழந்தையும் கூட வந்தால், யோசிக்காமல் தைப்பிங்கையே தேர்ந்தெடுங்கள்.

இலை பார்த்த அதே காட்டுக்கு ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் இன்னொரு முறை போகலாம். அப்போது காய் முற்றி 'பட்' என்று வெடித்து, புள்ளி போட்ட கொட்டைகள் தெறித்து விழும். சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவர் கையில் வைக்கும் நம் பழைய விளையாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள். பச்சைக் கொட்டையில் நச்சு உண்டு. வாயில் வைக்கும் வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுக்க வேண்டாம். திரும்பும்போது சட்டைப் பைகளையும் உதறிவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.