சவுக்கு முட்டா, இரும்பு ஜாக்கியா?

மதுரையைச் சுற்றி வீடு கட்டுகிற யாருக்கும் முதல் கான்கிரீட் தளம் நெருங்கும்போது, அது இறுகும்வரை அடியில் தாங்கும் முட்டுக்குச் சவுக்குக் கட்டையா, திருகி உயர்த்தும் இரும்புக் குழாயான ஜாக்கியா என்ற பேச்சு வரும். அச்சும் முட்டும் அடிக்கும் சென்ட்ரிங் மேஸ்திரி தன் கையில் இருக்கும் சவுக்குக் கட்டையையே போடப் பார்ப்பார், இன்ஜினியர் ஜாக்கி வேண்டும் என்பார். கூலி பேசுவதற்கு முன் எடையைப் பார்த்துவிடலாம்.

5 அங்குலத் தளம் சதுர அடிக்குச் சுமார் 29 கிலோ. கலவைக்கு அடியில் பரப்பும் தகடு, மேலே நிற்கும் ஆட்கள், ஓரிடத்தில் கொட்டிக் குவியும் கலவை என்று இன்னும் 15 கிலோவாவது சேர்க்க வேண்டும். 3 அடிக்கு 3 அடி முட்டு வைத்தால் ஒன்றின் தலையில் ஏறத்தாழ 400 கிலோ. கட்டை பற்றவில்லை என்று இடைவெளியை 4 அடியாக்கினால் 700 கிலோ. பீமுக்கு அடியில் கணக்கே வேறு: 9க்கு 18 அங்குல பீம் தன் எடை மட்டுமே அடிக்கு 79 கிலோ வரும், இருபுறத் தளத்தின் பங்கு தனி. அங்கே 2 அடிக்கு ஒரு முட்டு கேளுங்கள்.

10 அடி உயரத்தில் இந்த எடையை நல்ல சவுக்கும் தாங்கும். முட்டு பெரும்பாலும் நசுங்கி விழுவதில்லை, வளைந்துதான் விழுகிறது. நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் பலம் கால் பங்குக்கு இறங்கிவிடும். நடு உயரத்தில் இரண்டு பக்கமும் குறுக்குக் கட்டு அடித்து, அதைத் தூணோடு இறுக்கிவிட்டால் பலம் திரும்பக் கிடைக்கும். கோணல் கட்டையும், இரண்டு துண்டை ஆணியடித்து ஒட்டிய கட்டையும் இந்தக் கணக்கில் சேராது. குட்டையான கட்டைக்கு அடியில் நாலு செங்கல் அடுக்கி உயரம் சரிசெய்திருந்தால் அன்றைக்குக் கான்கிரீட்டை நிறுத்திவிடலாம்.

ஜாக்கி ஜெயிப்பது இங்கேதான். திருகி மட்டம் பிடிக்கலாம், ஆப்பு தளருமோ என்ற பயம் இல்லை. ஆனால் அதன் உயிர், உள் குழாயையும் வெளிக் குழாயையும் பூட்டி நிறுத்தும் நடு ஊசியில். ஊசி தொலைந்துபோய் 8 எம்எம் கம்பித் துண்டைச் சொருகியிருப்பதைப் பல சைட்டில் பார்க்கலாம். குழாய் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், அந்தத் துண்டு தாங்குகிற அளவுதான் ஜாக்கியும் தாங்கும். முழு நீளத்துக்கு இழுத்து வைத்த ஜாக்கிக்கும் பலம் குறைவு.

காலடி இரண்டுக்கும் பொது. திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் கரிசல். காய்ந்தால் கல், நனைந்தால் களி. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி தண்ணீர் தேங்கினால் முட்டு அரை அங்குலம் இறங்கும், தளத்தின் அடி தொய்ந்து நிற்கும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண் பரவாயில்லை என்றாலும், வீட்டுக்குள் புதிதாகக் கொட்டிய கிராவல் எந்த ஊரிலும் நம்பத்தக்கதல்ல. முட்டுக்கு அடியில் அகலப் பலகை கட்டாயம். சவுக்கென்றால் எதிரெதிராக இரண்டு ஆப்பு, கலவை போடும் காலையில் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும்.

மேல்பரப்புக்குத் தகடா பிளைவுட்டா என்பதில் எனக்குப் பெரிய வழக்கில்லை. பூசப்போகிற கூரைக்குத் தகடு போதும். இடுக்கில் டேப் ஒட்டுங்கள், சித்திரை வெயிலில் போடுவதானால் தகட்டைத் தண்ணீர் தெளித்துக் குளிரவையுங்கள். பழைய இன்ஜின் ஆயில் மட்டும் வேண்டாம், பூச்சு பிடிக்காது.

வாடகைதான் ஜாக்கியின் வில்லங்கம். நாள் கணக்கில் ஓடுவதால் ஐந்தாம் நாளே பிரிக்கச் சொல்லி நெருக்குவார்கள். இந்தியக் கான்கிரீட் தரவிதியான ஐஎஸ் 456-இன்படி, தாங்கும் சுவர் அல்லது பீம்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை தூரமுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14. பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், தாண்டினால் 21. இவை ஓபிசி எனும் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கு. சாம்பல் போன்றவை கலந்த பிபிசி சிமென்ட் போட்டிருந்தால் கூடுதலாக விடுங்கள். மாடிக்கு மேல் மாடி போடும்போது கீழ்த்தளத்து முட்டுகளையும் எடுக்கக் கூடாது. சொந்தச் சவுக்கு வைத்திருக்கும் மேஸ்திரிக்கும் அடுத்த வேலை காத்திருக்கும் என்பதால் அவரும் அவசரப்படுவார். ஆனாலும் பேசிச் சமாளிக்கலாம்.

என் தேர்வு: சாதாரண உயரத்துக்கு, பீம் அடியில் ஜாக்கி, தளத்துக்கு நேரான சவுக்கு இருந்தால் அதுவே போதும். 20 அடி உயரப் போர்டிகோவுக்கு இரண்டுமே வேண்டாம், கிண்ணப் பூட்டால் குழாய்களை இணைக்கும் கப்லாக் சாரம் கேளுங்கள். பால்கனி, சன்ஷேடு போன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் பிரிக்கும்போது வெளி நுனியிலிருந்து சுவரை நோக்கி முட்டுகளை எடுக்கச் சொல்லுங்கள்.