பம்பர் எல்இடிக்குக் கரண்ட் எங்கிருந்து எடுப்பது? பார்க்கிங் வயர், ஃபியூஸ் டேப், ரிலே: ஓர் ஒப்பீடு

பம்பரில் கூடுதலாக மாட்டும் எல்இடி விளக்குகளுக்குக் கரண்ட் எடுக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: பார்க்கிங் லைட் வயரில் ஒட்டுப் போடுவது, ஃபியூஸ் பெட்டியில் ஃபியூஸ் டேப் (ஒரு ஃபியூஸ் இடத்தில் செருகி, பழையதோடு இன்னொரு ஃபியூஸையும் வைத்துப் புதிய லைன் எடுக்கும் துண்டு) செருகுவது, பேட்டரியிலிருந்து ரிலே (சிறிய கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் மின்காந்த சுவிட்ச்) வழியாகத் தனி லைன் இழுப்பது. எது சிறந்தது என்ற வாதம் ஓயாததற்குக் காரணம், இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான். விளக்கு எரியக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. எப்போது எரிய வேண்டும் என்ற சிக்னல் எங்கிருந்து வருகிறது என்பது வேறொன்று.

முதலில் ஆம்பியர் கணக்கு. ஜோடிக்கு 6 வாட் உள்ள பகல் விளக்குப் பட்டைகள் 12 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் இழுக்கும். 18 வாட் விளக்கு இரண்டு என்றால் 3 ஆம்பியர். 40 வாட் இரண்டு என்றால் 6.7 ஆம்பியர். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வாட்டை அப்படியே நம்ப வேண்டாம். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, பாசிட்டிவ் வயரின் நடுவே இணைத்து ஒருமுறை அளந்துவிட்டால் ஃபியூஸ், வயர் எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை.

பார்க்கிங் வயரில் ஒட்டு

பம்பரைக் கழற்றினால் கைக்கெட்டும் தூரத்திலேயே வயர் இருக்கும். பத்து நிமிட வேலை. ஆனால் அந்த வயர் 5 வாட் பல்புக்கானது, அதாவது சுமார் 0.4 ஆம்பியர். அரை ஆம்பியர் பட்டைகளை அது தாங்கிவிடும். 3 ஆம்பியரை அதில் ஏற்றினால் வயர் சுடும், இல்லாவிட்டால் அதே ஃபியூஸில் இருக்கும் டெயில் லைட்டும் சேர்ந்து அணையும்.

விளக்குகளைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் கார்களில் தலைவலி வேறு மாதிரி. பல்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அந்தக் கம்ப்யூட்டர் நொடிக்கும் குறைவான துடிப்புகளை அனுப்பும். பழைய இழைப் பல்பு அதைக் கண்டுகொள்ளாது. எல்இடி அணைந்த நிலையிலும் மினுக்கும். கூடுதல் சுமையைப் பார்த்து டேஷ்போர்டில் எச்சரிக்கை வருவதும் உண்டு.

ஒட்டுப் போட வயரைக் கவ்வும் கிளிப்பைப் பயன்படுத்துபவர்கள் அதிகம். அதன் உலோக நாக்கு செம்பு இழைகளில் சிலவற்றை வெட்டிவிடும், அந்த வெட்டு வழியாக நீர் புகும், சில மாதங்களில் செம்பு பச்சை பூக்கும். காருக்குள் டேஷ்போர்டுக்குப் பின்னால் அது பிழைத்துக்கொள்ளலாம். சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் படும் பம்பருக்குள் அதற்கு இடமே இல்லை.

ஃபியூஸ் டேப்

காரின் எந்த வயரையும் வெட்ட வேண்டாம், புதிய விளக்குக்குத் தனி ஃபியூஸ், வேண்டாமென்றால் உருவிவிடலாம். மூன்றில் சுத்தமான வேலை இதுதான். இடறும் இடங்கள் இரண்டு.

முதலாவது அளவு. மினி, லோ புரொஃபைல் மினி, மைக்ரோ 2 மூன்றும் பார்க்க உறவுக்காரர்கள் போல இருக்கும். பொருந்தாததை அழுத்திச் செருகினால் பெட்டியின் கவ்வி அகன்றுவிடும். பிறகு பழைய ஃபியூஸைத் திருப்பிப் போட்டாலும் தளதளவென்று ஆடும். இரண்டாவது திசை. ஃபியூஸை உருவி, சாவியைத் திருப்பி, எந்தப் பிளவில் 12 வோல்ட் வருகிறது என்று பாருங்கள். டேப்பின் இரு ஃபியூஸ்களுக்கும் பொதுவான கால் அந்தப் பக்கம் அமர வேண்டும். திருப்பிப் போட்டாலும் விளக்கு எரியும், அதனால்தான் பிழை தெரிவதில்லை. ஆனால் புதிய சுமையும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும்.

ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கட்டுப்பாடு ஆகியவற்றின் ஃபியூஸ்களைத் தொடாதீர்கள்.

ரிலே

2 ஆம்பியருக்கு மேல் போனால் இதுதான். ரிலேயின் முனைகளுக்கு எண்கள் உண்டு: 30-ஆம் முனைக்குப் பேட்டரி பாசிட்டிவ், 87-க்கு விளக்குகள், 86-க்குச் சிக்னல், 85-க்கு எர்த் (பேட்டரி நெகட்டிவோடு இணைந்த காரின் உலோக பாடி). ரிலேயின் சுருள் இழுப்பது 0.15 முதல் 0.2 ஆம்பியர் மட்டுமே. சுமைக்கு உதவாத பார்க்கிங் வயர் சிக்னலுக்கு உதவுவது இங்கேதான். ஆனால் அந்த வயரில் துடிப்பு மின்சாரம் வருமானால் ரிலே கடகடக்கும். அப்போது சாவி திருப்பினால் உயிர்பெறும் ஃபியூஸில் டேப் போட்டு, ஒரு சுவிட்ச் வழியாக 86-க்குக் கொடுங்கள். டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) உள்ள ரிலேயில் 85, 86 இரண்டையும் மாற்றிப் போடவே கூடாது.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். விளக்கருகே வைத்தால், நடுவழியில் வயர் உராய்ந்து பாடியைத் தொடும்போது அது வேடிக்கைதான் பார்க்கும். 36 வாட்டுக்கு 5 ஆம்பியர், 80 வாட்டுக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.

கிட்டோடு வரும் வயரையும் சந்தேகியுங்கள். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பில் 3 மீட்டர் தூரத்துக்கு 6.7 ஆம்பியர் ஓடினால் 0.7 வோல்ட் கரையும், 1.5 சதுர மில்லிமீட்டரில் கால் வோல்ட்டுக்கும் குறைவு. ஹாலோஜன் என்றால் வெளிச்சம் மங்கி நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல டிரைவர் (கரண்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) உள்ள எல்இடி, வோல்ட் குறைந்தால் கரண்டைக் கூட்டி அதே வெளிச்சத்தைத் தரும். குறை வெளியே தெரியாது, கனெக்டர்தான் உள்ளே உருகும்.

எந்த வழியானாலும் எர்த் ஒன்றுதான். பிளாஸ்டிக் பம்பரில் எர்த் கிடைக்காது. பாடி உலோகத்தில் பெயின்டைச் சுரண்டி, வளைய லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். பேட்டரி நெகட்டிவ் முனையில் கரண்ட் சென்சார் இருந்தால் நேராக அங்கே மாட்டக் கூடாது. சென்சார் இந்தச் சுமையைக் கணக்கில் எடுக்காமல் போகும். இணைப்புகளுக்கு கிரிம்பும் (வயரை உலோகக் குழலில் வைத்து நசுக்கி இறுக்குவது) பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க்கும் (சூடு பட்டால் சுருங்கி இறுகும் குழாய்) போதும். சால்டர் (ஈயப் பற்று) ஏறி விறைத்த இடத்தின் ஓரத்தில் அதிர்வில் இழைகள் முறியும். விளக்கை எரியவிட்டு, பேட்டரி பாசிட்டிவுக்கும் விளக்கின் பாசிட்டிவுக்கும் இடையே அளந்தால் 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

பம்பரில் ஃபாக் லைட் குழி மூடியோடு வந்த கார் என்றால், இவற்றுக்கெல்லாம் முன் மூடிக்குப் பின்னால் பாருங்கள். சில கார்களில் கம்பெனி பிளக் தொங்கிக்கொண்டிருக்கும். 55 வாட் ஹாலோஜன் இரண்டுக்கான லைன் 9 ஆம்பியர் தாங்கும். 36 வாட் எல்இடி அதற்குத் தூசு. ஃபியூஸ், ரிலே இடங்கள் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிக்னலைத் தேர்வதில் விளக்கின் வகையே முடிவு செய்யும். பகல் விளக்கு சாவியோடு எரிந்து, ஹெட்லைட் போட்டதும் அணைய வேண்டும். தூரம் அடிக்கும் ஸ்பாட் விளக்கின் 86-ஐ ஹை பீம் வயரில் மட்டுமே கொடுங்கள். டிம் செய்ததும் தானே அணைந்துவிடும், எதிரே வருபவர் கண் கூசாது. ஃபாக் லைட்டுக்கு பார்க்கிங் சிக்னலோடு தனி சுவிட்ச்.