மருதமுனைத் தறி நூலில் குரோஷே சந்தைப் பை: வாங்கலாமா?

மரக்கறி சுமக்கிற பைக்குப் பஞ்சு போன்ற மென்மையான நூல் தேவையில்லை. பாரத்தில் இழுபடாத நூல்தான் வேண்டும். மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனைக் கடைகளில் குரோஷேக்கு (கொக்கியால் பின்னும் கைவேலை) என்று விற்கிற பந்து நூலில் பெரும்பகுதி அக்ரிலிக், இல்லாவிட்டால் ‘மில்க் கொட்டன்’. நிறம் அழகாக இருக்கும், கைக்கும் இதமாக இருக்கும். ஆனால் 3 கிலோ கிழங்கும் பூசணித் துண்டும் போட்டு நாலு தடவை சந்தைக்குப் போய்வந்தால் பையின் அடி முழங்காலுக்கு இறங்கிவிடும். அக்ரிலிக் பாரத்தில் நீளும், நீண்டது முழுதாகத் திரும்பாது. மில்க் கொட்டன் பெரும்பாலும் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்தது, அதனால் அதற்கும் இந்தக் குணம் பாதி உண்டு.

கிழக்கிலங்கையின் இதே மட்டக்களப்பு–கல்முனைப் பாதையில், கல்முனைக்கு வடக்கே பாண்டிருப்பை அடுத்து இருக்கிறது மருதமுனை. சாரத்துக்கும் சேலைக்கும் பெயர்போன கைத்தறி ஊர். அங்கே தறிகளில் மிஞ்சுகிற பருத்திக் கோன் நூல் (மட்டைக் கூம்பில் சுற்றிய நூல்)தான் இந்தப் பைக்கு மிகவும் பொருந்துகிறது. விலையிலும் நீண்டநாள் உழைப்பதிலும் பந்து நூலை வெல்கிறது. கொஞ்சம் வேலை வைக்கும் என்பது மட்டுமே குறை.

கோனில் 2/40 என்று எழுதியிருந்தால் 40ஆம் நம்பர் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கிய நூல் என்று அர்த்தம். பருத்தி நம்பரின் கணக்கு இது: 1ஆம் நம்பர் நூல் ஒரு இறாத்தலுக்கு 840 யார் நீளம். 2/40 என்றால் 40ஐ 2ஆல் பிரித்து 20, அதை 840ஆல் பெருக்கினால் இறாத்தலுக்கு 16,800 யார். கிராமில் பார்த்தால் 1 கிராமுக்கு ஏறத்தாழ 34 மீட்டர். தையல் நூலைப் போல மெல்லியது, தனியாகப் பின்ன முடியாது. 12 இழை சேர்த்தால் 1 கிராமுக்கு 2.8 மீட்டர் வரும், 3.5 மி.மீ. கொக்கிக்கு அளவான தடிப்பு. 2/20 கிடைத்தால் 6 இழை போதும், வேலை பாதி. 2/60 என்றால் 18 இழை வேண்டும். அவ்வளவு இழையை ஒரே இழுவையில் வைத்திருப்பது சிரமம், விட்டுவிடுங்கள்.

விலையைப் பந்துக்கு இத்தனை என்று பார்த்தால் ஏமாந்து போவோம். மீட்டருக்கு என்ன விலை என்று பாருங்கள். உதாரணத்துக்கு, 100 கிராம் பந்தின் லேபிளில் 210 மீட்டர் என்றும் விலை 630 ரூபாய் என்றும் இருந்தால் மீட்டர் 3 ரூபாய். 50 கிராம் பந்து 360 ரூபாய்தானே என்று எடுத்தால், அதில் 90 மீட்டர்தான் இருக்கிறதென்றால் மீட்டர் 4 ரூபாய். கோனைக் கிலோ 6,000 ரூபாய் என்று சொன்னால், 12 இழையாக்கினால் 2,800 மீட்டருக்கு மேல் வரும், மீட்டர் 2 ரூபாய் சொச்சம். மீட்டர் அளவு போடாத பந்தை மலிவு என்று நம்பி வாங்காதீர்கள். கோனை நிறுக்கும்போது வெறுங்கோன் ஒன்றையும் நிறுத்துக் கழிக்கச் சொல்லுங்கள், மட்டைக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பெருநாளுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் முன்பு தறிக்காரர் மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பார்கள். அது முடிந்து போனால் நின்று கதைப்பார்கள், அரைகுறைக் கோன்களும் வெளியே வரும். கேட்கும்போது ‘மிச்ச நூல்’ என்று மட்டும் கேட்டால் பாவின் (தறியில் நீளவாக்கில் கட்டும் நூல்) கடைசியில் வெட்டி எடுத்த துண்டுகளைக் கட்டித் தந்துவிடுவார்கள். தறியில் கட்டிய பாவை முனைவரை நெய்ய முடியாது. அந்தக் கடைசித் துண்டுகள் முழ நீளம்கூடத் தேறாது, குஞ்சம் கட்டத்தான் உதவும். ‘அரைக் கோன், ஊடை நூல்’ (குறுக்கே ஓட்டும் நூல்) என்று சொல்லிக் கேளுங்கள். நெசவுக்கு அவர் வாங்கிய விலைக்கும் கீழே இறக்கிக் கேட்பது நியாயமில்லை. கடைசிக் கோன் என்றால் குறைத்துக் கேட்கலாம், அவருக்கும் அதை வைத்து ஒரு சாரம் நெய்ய முடியாது.

வாங்கும் இடத்திலேயே மூன்று சோதனை செய்யுங்கள். முதலாவது, ஒரு சாண் நூலைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிகிற வாசத்தோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலாகும். பொலியெஸ்டரும் அக்ரிலிக்கும் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். ஆனால் ரேயனும் பருத்தியைப் போலவே எரியும், நெருப்பால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் இரண்டாவது சோதனை: நூலின் நடுவை நாக்கில் நனைத்து இரு பக்கமும் இழுங்கள். ரேயன் என்றால் நனைந்த இடத்தில் சட்டென்று அறும். பருத்தி நனைந்தால் இன்னும் பலமாகும். மீன் வாங்கி ஈரமாகிற பைக்கு இந்த வித்தியாசம் பெரிது. மூன்றாவது சாயம். வெள்ளைத் துணியைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து நூலை அழுத்தித் தேயுங்கள். இலேசாக ஒட்டினால் கழுவிச் சரிப்படுத்தலாம், துணி சிவந்துபோனால் விட்டுவிடுங்கள். உப்பில், வினாகிரியில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று சொல்வதைப் பருத்திக்கு நம்ப வேண்டாம்.

கடைத்தெருவில் பழைய பந்து நூல் பாதி விலைக்குக் கிடைத்தாலும் ஒரு கண் வையுங்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் கிடந்த பந்தின் வெளிப்புறம் வெளிறி, உள்ளே வேறு நிறமாக இருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி கண்ட பெட்டியில் பூஞ்சண வாசம் இருக்கும், அது கழுவினாலும் இலேசில் போகாது. சாயத் தொகுதி எண் (ஒரே தடவையில் சாயமிட்டதைக் காட்டும் லேபிள் எண்) எல்லாப் பந்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இனி இழை சேர்க்கும் வேலை. ஒரு கோனிலிருந்து தராசு வைத்து ஒரே எடையில் 3 உருண்டை சுற்றுங்கள். மூன்றையும் சேர்த்து ஒன்றாகச் சுற்றினால் 3 இழை. அதையே எடை பார்த்து 4 பங்காக்கி மறுபடி சேர்த்தால் 12 இழை. சுற்றும்போது எல்லா இழையும் ஒரே இறுக்கத்தில் போக வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் பின்னலில் அது வளையமாக வெளியே துருத்தும், பிறகு விரலிலும் சாவியிலும் கொளுவும். சேர்த்த உருண்டையை நிமிர்த்தி வைத்த குச்சியில் செருகி, நூலை மேல்நோக்கி இழுத்தெடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும், கொக்கி இழைகளைப் பிளக்காது. முறுக்கு ஏறுவதற்குப் பதிலாக அவிழ்கிறது என்றால் உருண்டையைத் தலைகீழாகத் திருப்பிவிட்டால் சரி.

பாவுக்குத் தயார்படுத்திய நூலாக இருந்தால் அதில் கஞ்சி ஏறியிருக்கும். விறைப்பாக, பின்ன வசதியாகத்தான் இருக்கும், ஆனால் முதல் கழுவலில் கஞ்சி போய்ப் பை தொய்ந்துவிடும். ஆகவே 12 சென்ரிமீற்றர் சதுரத்தில் ஒரு மாதிரி பின்னி, கழுவி, காயவைத்த பிறகு அளவெடுங்கள். கழுவாத மாதிரியின் அளவுக்கு மதிப்பில்லை. 10 சென்ரிமீற்றருக்கு 20 சிங்கிள் குரோஷே (உயரம் குறைந்த அடிப்படைத் தையல்) வந்தால் கீழே சொல்லும் கணக்கு அப்படியே பொருந்தும்.

கணக்குக்கு முன் ஒரு எச்சரிக்கை. பழைய பிரித்தானியப் புத்தகத்தில் ‘டபுள் குரோஷே’ என்று இருப்பதுதான் அமெரிக்க முறையில் ‘சிங்கிள் குரோஷே’. பிரித்தானிய ‘ட்ரெபிள்’ அமெரிக்காவின் ‘டபுள்’. ஒரு மாதிரிக் குறிப்பில் ‘சிங்கிள்’ என்ற பெயர் எங்காவது வந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க முறை, ஏனென்றால் இன்றைய பிரித்தானிய முறையில் அந்தப் பெயர் இல்லை. இதைப் பார்க்காமல் தொடங்கினால் அடி இரு மடங்கு உயரமாகி, வட்டம் கூடாரமாகக் குவியும். இங்கே அமெரிக்கப் பெயர்களைப் பாவிக்கிறோம்.

வழக்கமான வலைப்பைக் குறிப்புகள் அடியை டபுள் குரோஷேயில் வைத்து, அங்கிருந்து உடனே வலையைத் தொடங்கும், வலை வளையம் 5 செயின் (சங்கிலித் தையல்). நம் சந்தைக்கு அது சரிவராது. சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தேசிக்காயும் வழியெல்லாம் விழும். அடியைச் சிங்கிளில் போடுங்கள். மாய வளையத்தில் (இழுத்தால் சுருங்கும் நூல் வளையம்) 6, பிறகு சுற்றுக்கு 6 வீதம் கூட்டி (ஒரே தையலில் இரண்டு போட்டு) மொத்தம் 18 சுற்று, 108 தையல். விட்டம் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர் வரும். கூட்டும் இடங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் வட்டம் அறுகோணமாகும், ஒவ்வொரு சுற்றிலும் தள்ளித் தள்ளிக் கூட்டுங்கள். ஓரம் கிண்ணமாகத் தூக்கினால் கை இறுக்கம், கொக்கியை 4 மி.மீ. ஆக்குங்கள். ஓரம் அலையடித்தால் தையல் எண்ணிக்கை கூடிவிட்டது, எண்ணிப் பாருங்கள். நூல் தடிப்பு மாறினால் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம். விட்டம் 17 வரும்வரை சுற்றைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள், கடைசி எண்ணிக்கை 6ஆல் பிரியும்.

அடி முடிந்ததும் கூட்டாமல் 10 சுற்று சிங்கிள். சின்னச் சாமான்கள் தங்குகிற கிண்ணம் இது. அதன் மேல் வலை: ஒரு சிங்கிள், 4 செயின், 2 தையல் விட்டு அடுத்ததில் சிங்கிள். 36 வளையம் வரும். அடுத்த சுற்றுகளில் ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் ஒரு சிங்கிள், இடையில் 4 செயின், 18 முதல் 20 சுற்று. சுற்றை மூடாமல் சுருளாகப் போகலாம், தொடக்கத்தில் வேறு நிற நூலால் அடையாளம் வையுங்கள். வலையில் முடிச்சு வரவிடாதீர்கள், பாரம் ஏறும்போது அந்த இடத்தில்தான் அறும். கோனில் முடிச்சு வந்தால் வெட்டிவிட்டு, பழைய நூலையும் புதிய நூலையும் சேர்த்துப் பிடித்து 6 தையல் போடுங்கள்.

வாய்க்கு 36 வளையத்தில் மாறி மாறி 2, 3 சிங்கிள் போட்டால் 90 தையல். இதில் 5 சுற்று.

பை பழுதாவது பெரும்பாலும் கைப்பிடியில்தான். குறிப்புகள் கைப்பிடியை 10 தையல் அகலத்தில் குறுக்காகப் பின்னி நீட்டச் சொல்லும். அப்படிப் பின்னினால் பாரம் வரிசைகளுக்கு இடையே இழுத்து, 60 சென்ரிமீற்றர் கைப்பிடி சீக்கிரம் தோளுக்குக் கீழே தொங்கும். நீளவாக்கில் பின்னுங்கள். வாயின் ஒரு பக்கத்திலிருந்து 100 செயின் போட்டு, எதிர்ப்பக்கத்தில் இணைத்து, அந்த நீளத்தில் முன்னும் பின்னும் 8 வரிசை சிங்கிள். இரு ஓரத்திலும் இறுக்கமாக ஒரு வரிசை ஸ்லிப் ஸ்டிச் (உயரமே ஏறாத தையல்). அதற்கும் மேலே, பழைய கைத்தறிச் சாரத்தின் கரையை 3 சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டி மடித்துக் கைப்பிடியின் உட்புறம் தைத்துவிட்டால் நீளம் அசையாது. பாரத்தை நெய்த துணி தாங்கும், பின்னல் அழகுக்கு இருக்கும். கைப்பிடி வாயில் சேரும் இடத்தை 24 தையல் அகலத்தில் தொடங்கி 5 வரிசைக்குள் குறைத்துக்கொண்டு வாருங்கள், பாரம் ஒரே வளையத்தில் விழாது. தைத்து முடிக்கும் முன் 3 கிலோ அரிசியைப் போட்டு இரவு முழுக்கத் தொங்கவிட்டு அளந்தால் எவ்வளவு நீள்கிறது என்று தெரிந்துவிடும், அந்த அளவைக் குறைத்துத் தையுங்கள்.

இந்தப் பைக்கு 12 இழை நூல் 200 முதல் 250 மீட்டர் போகும். மாதிரி, வெட்டுக் கழிவு எல்லாம் சேர்த்து 120 கிராம் கோன் நூல் கைவசம் இருந்தால் பயமில்லை.

மீன் வாங்கவே தனிப்பை வேண்டுமென்றால் மட்டக்களப்பு மீன்பிடிச் சாமான் கடைகளின் நைலோன் வலை நூலை எடுக்கலாம். தண்ணீர் குடிக்காது, வாடையும் தங்காது. ஆனால் நுனி வழுகும், ஒவ்வொரு முனையையும் நெருப்புக் காட்டி உருக்க வேண்டும். நீண்ட நேரம் பின்னினால் சுட்டுவிரல் வெட்டுப்படும், விரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொள்ளுங்கள். டீ-சேர்ட் வெட்டுத் துண்டில் பின்னுகிற பை சந்தைக்கு வேண்டாம், வெறும் பையே கைக்குப் பாரமாகிவிடும்.

தறி நூல் பையை முதல் இரண்டு தடவை தனியாகக் கழுவுங்கள், தண்ணீர் தெளிவாகும்வரை அலசுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரத்தில் நீண்டுவிடும். துவாயில் சுருட்டித் தண்ணீரை ஒற்றி எடுத்து, நிழலில் பாயில் பரப்பிக் காயவிடுங்கள்.