பிள்ளையின் மூளை இரத்தக்குழாய் முடிச்சு: கதிரா, கத்தியா, பசையா?

பிள்ளைக்கு 'ஏவிஎம்' (மூளை இரத்தக்குழாய் முடிச்சு) என்று ஸ்கான் ரிப்போர்ட் வந்ததுமே, "தலையைத் திறக்காமல் கதிரால் செய்யலாமாம், அதையே செய்வோம்" என்று முடிவெடுக்கும் பெற்றோர் கல்முனையிலும் இருக்கிறார்கள், காத்தான்குடியிலும் இருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் கத்தி இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கதிரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

நாடிக்கும் நாளத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய மயிர்க்குழாய்கள் இல்லாமல், இரண்டும் நேரே பின்னிக் கிடப்பதுதான் இந்த முடிச்சு. நாடியின் அழுத்தம் அப்படியே நாளத்தில் போய் மோதுவதால் அது ஒருநாள் வெடிக்கலாம். பொதுவாக ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் என்று சொல்வார்கள், ஏற்கெனவே இரத்தம் கசிந்திருந்தால் அடுத்த ஓரிரு வருடங்களில் இன்னும் கூட. எட்டு வயதுப் பிள்ளைக்கு எத்தனை ஆண்டுகள் முன்னால் இருக்கின்றன என்று பாருங்கள், சின்னச் சதவீதம் சின்னதாகவே இருக்காது.

சத்திரசிகிச்சையில் முடிச்சை முழுதாக எடுத்துவிட்டால் கசியும் ஆபத்து பெரும்பாலும் அன்றோடு தீரும். 1986இல் வந்த ஸ்பெட்ஸ்லர்-மார்ட்டின் தரப்படுத்தல் மூன்றைப் பார்க்கிறது: முடிச்சின் அளவு; பேச்சு, கை கால் அசைவு போன்ற முக்கிய வேலைகளுக்கான இடத்தில் இருக்கிறதா; ஆழத்து நாளங்களுக்குள் வடிகிறதா. முதல் இரண்டு தரம் (எடுக்க இலகுவானவை) என்றால், அதுவும் ஒருதரம் கசிந்துவிட்டது என்றால், நான் சத்திரசிகிச்சை பக்கம்தான்.

கதிர் வேறு மாதிரி. காமா நைஃப் கருவியின் புதிய வகைகளில் 192 கோபால்ட் கதிர்கள் ஒரே புள்ளியில் சந்திக்கும். தனித்தனியே வலு குறைந்தவை என்பதால் வழியில் உள்ள மூளைக்குப் பெரிய சேதம் இல்லை. தலையில் நான்கு திருகுகளால் ஒரு சட்டத்தைப் பூட்டுவார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள், முடி மழிப்பதில்லை, பெரும்பாலும் அடுத்த நாள் வீடு. கேட்க இலகுதான். ஆனால் குழாய்ச் சுவர் மெல்ல மெல்லத் தடித்து அடைபட 2, 3 வருடம் பிடிக்கும், அதுவரை கசியும் ஆபத்து தலைக்குள்ளேயே இருக்கும். 3 சென்டிமீற்றருக்குக் குறைந்தவை பத்தில் ஏழு, எட்டு மூடும், பெரியவை குறைவு. சில மாதங்களில் சுற்றி வீக்கம் வந்து தலையிடியோ வலிப்போ வரலாம், பல வருடம் கழித்து நீர்க்கட்டி, மிக அரிதாகப் புற்றுநோய். அப்படியிருந்தும் முடிச்சு தலமஸிலோ (மூளையின் நடுப்பகுதி) மூளைத்தண்டிலோ ஆழமாக இருந்தால், கத்தியை விடக் கதிர்தான் நல்ல வழி, அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

தொடை நாடி வழியாகக் குழாய் விட்டுப் பசை செலுத்தி முடிச்சை அடைக்கும் முறை தனியாக முழுதும் குணமாக்குவது குறைவு. மற்ற இரண்டுக்கும் துணை என்று வையுங்கள்.

சரி, எது செய்தாலும் அதோடு முடியாது. பிள்ளைகளில் மூடிய முடிச்சு மறுபடி முளைத்த சம்பவங்கள் உண்டு, அதனால் எம்.ஆர்.ஐ. 'கிளியர்' என்றாலும் ஆஞ்சியோகிராம் (இரத்தக்குழாய்க்குள் மருந்து விட்டு எடுக்கும் படம்) எப்போது என்று கேளுங்கள். கொழும்புக்கோ பெங்களூர் நிம்ஹான்ஸ் மூளை, நரம்பு மருத்துவமனைக்கோ போகும்போது ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாமல் ஸ்கான் சிடியையும் எடுத்துப் போங்கள், தரத்தைப் படத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

காத்திருக்கும் காலத்தில் பிள்ளை திடீரென்று தாங்க முடியாத தலையிடி, வாந்தி, கைகால் இழுப்பு என்றால் வெயில் என்று பனடோல் கொடுத்துப் பார்க்க வேண்டாம், கொழும்பு கிளினிக் திகதிக்கும் காத்திருக்க வேண்டாம், நேரே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு போய் முதலில் "ஏவிஎம் இருக்கிறது" என்று சொல்லுங்கள்.